கீறலோடு விற்றிருக்க வேண்டிய கார்

என் சின்ன நாத்தனாரின் மருமகனுக்கு 'ரெண்டு கதவு' என்று ஒரு பெயர் இருப்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. அவர்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்கு நான் போயிருந்தபோது, கீழ் வீட்டுக்காரர் வந்து, "ரெண்டு கதவு இருக்காரா?" என்றார். தச்சரைத் தேடி வந்தவர் என்று நினைத்து, "இங்க யாரும் கதவு செய்யறதில்லைங்க" என்று அனுப்பிவிட்டேன். நாத்தனார் மகள் சிரித்துவிட்டு, "உங்க மாப்பிள்ளையத்தான் அத்தை. வாங்கின காருக்கு ரெண்டே கதவுதான்" என்றாள்.

மாப்பிள்ளைக்குப் பழைய கார் வாங்கி விற்கும் தொழில். வாங்கின கார் எதுவானாலும் சீட்டைக் கழுவி, நசுங்கலை எடுத்து, பெயிண்ட் அடித்துத்தான் கைமாற்றுவார். வீடு வாங்க இருவரும் சேர்த்து வைத்திருந்ததை ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் போட்டார். மற்ற கார் வயசானால் விலை இறங்கும், இந்த ரகம் கொஞ்சம்தான் செய்தார்கள், வயசானால் ஏறும், பிறகு வீடு வாங்கலாம் என்றார். அவளும் சரி என்றாள். ஓட்டினால் மதிப்புப் போகும் என்று ஷெட்டில் உறை போட்டு நிறுத்திவிட்டார்.

"கார் வச்சுக்கிட்டு பஸ்ல தொங்குறவ நான் ஒருத்திதான்" என்பாள்.

வருடங்கள் போய், ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னார். மாப்பிள்ளையின் கை சும்மா இருக்குமா? கதவில் இருந்த கீறலை மறைக்க, கார் முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டார்.

வந்தவர் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கதவில் வைத்துப் பார்த்தார்.

"பெயிண்ட் அடிச்சீங்களா?"

"ஆமா சார், புதுசு மாதிரி இருக்கும்."

"கீறலோட இருந்திருந்தா வாங்கியிருப்பேன். கம்பெனி பெயிண்டுக்குத்தான் விலையே" என்று போய்விட்டார்.

அடுத்து வந்தவர், ஓடாமல் நின்றதால் ரப்பரெல்லாம் செத்திருக்கும் என்று விலையைக் குறைத்தார். இன்னொருவர், இவ்வளவு கம்மியாகவா ஓடியிருக்கும், மீட்டரைத் திருப்பினீர்களா என்று சந்தேகப்பட்டார்.

அடுத்த முறை நான் போனபோது மாப்பிள்ளை என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "அழுக்கைத் துடைச்சாத்தான் விலை ஏறும்னு காலமெல்லாம் பொழைச்சவன் நான். இங்க துடைச்சது தப்புங்கிறான். ஓட்டினா இறங்கும்னு ஓட்டாம வச்சேன், அதுக்கும் இறங்குதாம். ஒண்ணுமே விளங்கலை அத்தை."

"அப்ப எப்பதான் ஏறும்?" என்றேன்.

"அடுத்தவன் ஷெட்ல நின்னா ஏறும்" என்றாள் அவள், அடுக்களையிலிருந்து.

யோசித்துப் பார்த்தேன். புதுசாக்கினால் மட்டமாகிற பொருள் என்று ஒன்று உண்டா? என் புத்திக்கு எட்டவில்லை. அவருக்கும் எட்டியதாகத் தெரியவில்லை.

வீட்டு விலை ஏறிக்கொண்டே போனதால் அவள் இனிப் பொறுக்க மாட்டேன் என்றுவிட்டாள். வந்தவர் கேட்ட குறைந்த விலைக்கே காரைக் கொடுத்தார்கள்.

அந்தக் காசுக்குக் கிடைத்தது ஊர்க் கோடியில் ஓர் அறையும் அடுக்களையும் உள்ள வீடு. இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். அவர் பழைய கார் வாங்கி விற்க ரயிலில் போய் வருகிறார்.