மாப்பிள்ளைக்கு எடுத்து வைத்த லுங்கி

ஒவ்வொரு ஆடி நோம்பிக்கும் மாமியார் வீட்டில் எனக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கும் புது வேட்டி சட்டைக்கு மேலே ஒரு பழைய லுங்கியும் இருக்கும். நீலக் கட்டம் போட்டது. முழங்கால் படும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அத்தை எந்தச் சோப்புப் போட்டுத் துவைத்தும் அது போகவில்லை. என் சகலை முதல் தடவை அதைப் பார்த்தபோது, யாரோ கரித்துணியைத் தவறிப்போய் வைத்துவிட்டார்கள் என்று எடுத்து ஓரமாகப் போடப் போனார். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டித் தடுத்தார்கள்.

மாமனாருக்கு எடப்பாடிக்குத் தெற்கே காடு. நிலக்கடலையும் குச்சிக்கிழங்கும் போடுவார். சொந்தக் காட்டு வேலை போக, அக்கம்பக்கத்துக் காடுகளுக்கும் அவர்தான் உழவு ஓட்டுவார். ஓட்டச் சொல்லி யாராவது கூப்பிட்டால் விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி கிளம்பிவிடுவார். முப்பது வருடம் அப்படி ஓட்டியதில் இடுப்பு விட்டுப்போனது. அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இடுப்புக்கு ஒரு பெல்ட் கொடுத்து, இனிமேல் குலுங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். மாமனார் அந்தச் சொல்லைத் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார். டிராக்டரை விடச் சொல்லவில்லை, குலுங்காத டிராக்டராக ஓட்டத்தான் சொன்னார் என்று வீட்டில் அறிவித்துவிட்டு, வடக்கே ஏதோ பெரிய பண்ணையில் ஓடிய வெளிநாட்டு டிராக்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். முன் அச்சுக்கு சஸ்பென்ஷன் இருந்த வண்டி. எங்கள் பக்கத்து டிராக்டர்களில் முன் சக்கரம் குழியில் இறங்கினால் அந்தச் செய்தி நேராக ஓட்டுகிறவர் முதுகுக்குப் போய்விடும். இந்த வண்டி அதை வழியிலேயே வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டு வருடம் பெல்ட் ஆணியில் தொங்கியது.

மூன்றாவது வருடம் பெல்ட் திரும்பவும் இடுப்புக்கு வந்தது. நோம்பி நொடி என்று விசேஷத்துக்கு நான் போகும்போதெல்லாம் சட்டைக்கு மேலே அது தெரியும். எழுந்திருக்கும்போது தூணைப் பிடித்துக்கொள்வார். வயசாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொண்டார், நாங்களும் ஆமாம் போட்டோம்.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கும் பாறை உடைக்கும் பிரேக்கர்களுக்கும் ஹைட்ராலிக் வேலை பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த டிராக்டருக்கு என்ன என்று சொல்லக்கூடிய நான் வருடத்துக்கு நாலு தடவை அந்த வீட்டுக்குப் போய், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன். வண்டி நிற்கும் கொட்டகைப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. மாப்பிள்ளை அந்தப் பக்கம் எழுந்து நடந்தாலே, என்ன வேணுமோ என்று இரண்டு பேர் பின்னால் ஓடி வருவார்கள். சாப்பிட்ட கையை நானே போய்க் கழுவிக்கொள்ளக்கூட அங்கே வழியில்லை. செம்போடு நிற்பார்கள். கேட்காமல் யோசனை சொன்னால் நானும் மரியாதை தெரியாதவன் ஆகிவிடுவேன். இப்படி இரண்டு பக்கமும் மரியாதை பார்த்துப் பார்த்து அவர் இடுப்பை வாங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த ஆடிக்கு என் கார் வேலைக்கு விட்டிருந்ததால் பஸ்ஸில் போனேன். மனைவி முன்பே போயிருந்தாள். முதல்நாள் மழையில் காட்டுத் தடம் சேறாகிக் கிடந்தது. மாமனார் வேறு வழியில்லாமல் டிராக்டரிலேயே என்னை அழைக்க வந்திருந்தார். பக்கத்து இருக்கையில் புதுத் துண்டு விரித்து வைத்திருந்தார். இப்படி ஏற்ற வேண்டி வந்துவிட்டதே என்று மூன்று தடவை வருத்தம் சொன்னார். தடத்தில் திரும்பிய முதல் மேட்டிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சஸ்பென்ஷன் நன்றாக இருந்தால் சக்கரம் மட்டும் ஏறி இறங்க வேண்டும். இங்கே பானெட்டோடு சேர்ந்து வண்டியே குதித்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து இருக்கையிலிருந்து லேசாக எழுந்துகொண்டார். அவருக்கு அது பழகிப்போயிருந்தது.

சாப்பிடும்போது அத்தை என் மனைவியிடம் சொல்வது போல எனக்குக் கேட்கும்படி ஒரு செய்தி சொன்னார். புதன்கிழமை புரோக்கர் வருகிறார். வண்டியைக் கொடுத்துவிட்டு, தை பிறந்ததும் காட்டைக் குத்தகைக்கு விடப்போகிறார்கள். மாமனார் தலை நிமிராமல் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் மெதுவாக, வண்டியை ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் கை நின்றது.

"எம் புள்ளயக் கட்டிக் குடுத்தது உங்கள வண்டிக்கடியில படுக்க வெக்கறதுக்குங்களா மாப்ள?"

கோபமாகச் சொல்லவில்லை. மோருக்கு இலைச் சோற்றில் குழி பறித்தேன்.

மறுநாள் காலையில் கிளம்பும்போது என் மனைவிதான் முடிச்சை அவிழ்த்தாள். அவளுக்கு எங்கள் இரண்டு பேர் மரியாதையும் சலித்துப்போயிருந்தது.

"ஏனுங்கப்பா, ஊட்டுக்கு வந்தாத்தானுங்க அவரு மாப்ள. பட்டறைக்குப் போனா மெக்கானிக். விக்கற வண்டிய ஒரு பட்டறையில காட்டிட்டு வித்தா என்னங்க?"

திங்கட்கிழமை அவர் வந்தார். எடப்பாடியிலிருந்து திருச்செங்கோடு வரை டிராக்டரிலேயே, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியோடு, ஒரு தார் பூவன் பழமும் ஒரு பெட்டி இனிப்பும் வைத்துக்கொண்டு. எனக்கு முன்னால் இரண்டு பிரேக்கர்கள் வேலைக்குக் காத்திருந்தன. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இவர் வண்டியைப் பார்க்கப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார். கஸ்டமர் என்றால் கஸ்டமர்தான், முறைப்படி காத்திருப்பாராம். மத்தியானம் வரை காலி டிரம்மின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், இடுப்பில் பெல்ட்டோடு.

அந்த சஸ்பென்ஷனில் அச்சுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்பு உருண்டை உண்டு. அக்குமுலேட்டர் என்பார்கள். உள்ளே நடுவில் ஒரு ரப்பர்த் திரை. ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் நைட்ரஜன். சக்கரம் மேட்டில் ஏறும்போது எண்ணெய் வந்து தள்ளும், நைட்ரஜன் அமுங்கி இடம் கொடுக்கும். அந்த நைட்ரஜன் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஒரே நாளில் போனால் யாருக்கும் தெரியும், தினமும் துளி போனால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இது தெரியாமல்தான் மாமனார் பழியைத் தன் உடம்பின் மேல் போட்டுக்கொண்டார்.

சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, எஞ்சினை நிறுத்தி, எண்ணெயின் அழுத்தம் முழுவதும் இறங்கும் வரை திருகைத் திறந்து விட்டேன். அது இறங்காமல் உருண்டையைத் தொடக்கூடாது. பிறகு வலது பக்கத்து வால்வில் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினேன். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இடது பக்கம் முள் அசையவே இல்லை. அங்கேதான் எனக்குப் பயம். ரப்பர் கிழிந்திருந்தால் வால்வு வழியாக எண்ணெய் வரும். வந்தால் உருண்டையையே மாற்ற வேண்டும். அந்த வண்டிக்கு அது எந்த நாட்டிலிருந்து எப்போது வருமோ, புதன்கிழமை புரோக்கர் வந்துவிடுவார். கேஜைக் கழற்றிவிட்டு, வால்வின் ஊசியை அழுத்த வெளிச்சம் தேடித் திரும்பினேன். டிரம்மின் மேல் யாரும் இல்லை.

என் பட்டறை லுங்கியைக் கொடியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு, வேட்டியை மடித்து வைத்துவிட்டு, டார்ச்சோடு மாமனார் என் பக்கத்தில் எண்ணெய்த் தரையில் மண்டிபோட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கச் சொல்லவில்லை. ஊசியை அழுத்தினேன். எதுவும் வரவில்லை. அடியில் பிடித்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. ரப்பர் நன்றாக இருக்கிறது, காற்றுத்தான் இல்லை என்றேன்.

"அப்ப டயர்க் கடையிலயே புடிச்சிருக்கலாமுங்களே?"

சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் இருக்கிறது, இவ்வளவு அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும், நைட்ரஜனைத் தவிர வேறு எதுவும் கூடாது என்று விளக்கினேன். டயருக்குக் காற்றடிக்கப் போனபோது ஒரு தடவை பஞ்சர் கடைக்காரர் தானாகவே அந்த வால்விலும் குழாயை வைத்துப் பார்த்ததாகவும், அது மாட்டவில்லை என்றும் சொன்னார். வால்வைச் செய்த புண்ணியவானை மனதுக்குள் கும்பிட்டேன்.

நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து மெதுவாக விட்டோம். நான் குழாயைப் பார்த்தேன், முள்ளை அவர் பார்த்து எண் சொன்னார். புத்தகத்தில் போட்டிருந்த அளவு வந்ததும் மூடி, உள்ளே போன வாயுவின் சூடு ஆறுவதற்குக் காத்திருந்து, மறுபடி பார்த்து, குறைந்ததைச் சேர்த்து, சோப்பு நுரை தடவிக் கசிவில்லை என்று உறுதி செய்தோம். காத்திருந்த நேரத்தில் ஆளுக்கு இரண்டு பூவன் பழம் தின்றோம். மாமனாரும் நானும் சரிசமமாகத் தரையில் உட்கார்ந்து தின்றது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அது அந்த வீட்டு விருந்து எதையும்விட ருசித்தது.

வெயில் தாழக் கிளம்பினார். லுங்கியைக் கழற்றத் தோன்றவில்லை போல, அதோடேயே போய்விட்டார். நான் சிலிண்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். இடுப்பு உண்மையிலேயே தேய்ந்து போயிருந்தால் என் வேலையால் என்ன ஆகப்போகிறது என்று மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு போன் வந்தது.

"ஊடு வந்து சேந்துட்டனுங்க மாப்ள. பெல்ட்ட வழியில சங்ககிரியிலயே கழட்டிட்டனுங்க. புரோக்கர வர வேண்டாம்னுட்டன்."

நான் லுங்கியைப் பற்றி ஏதோ கேட்டு வைத்தேன்.

இடுப்பு புதிதாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். நடவுக் காலத்தில் இன்னும் தைலம் தேய்த்துக்கொள்கிறார். ஆனால் ஓட்டுகிறார், வருடத்துக்கு ஒரு தடவை நான் உருண்டைகளில் கேஜ் மாட்டிப் பார்க்கிறேன். இந்த ஆடிக்கும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். நான் போய் இறங்கியபோது வண்டியைக் கழுவி வாசலிலேயே நிறுத்தியிருந்தார். அத்தை தாம்பாளத்தை நீட்டினார். மேலே லுங்கி. உள்ளே இலை போட்டிருந்தார்கள், வடை சுடும் மணம் வந்துகொண்டிருந்தது. நேராகப் பந்திக்குப் போகலாம் என்று காலடி எடுத்து வைத்தேன். மாமனார் டார்ச்சோடு குறுக்கே வந்தார்.

"வடை எங்கயும் போயிராதுங்க மாப்ள. மொதல்ல லுங்கியக் கட்டுங்க."