சாவகச்சேரிக்கு ஒரு மெதுவான பகல்

“அப்ப தம்பி, பிழையான பக்கமெல்லோ போறியள்!” என்று சொல்லிவிட்டுக் கைதடியில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்த ஐயா சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்டார்; “வீட்டை போறன்” என்றேன். வீடு எங்கே என்றார். யோசிக்காமல் “மானிப்பாய்” என்றேன். என் சைக்கிளோ சாவகச்சேரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. கரியரில் பெட்டி, பெட்டிக்குமேல் தலையணை. பனங்கட்டியைக் கடித்து வெறுந்தேத்தண்ணியைக் குடித்தபடி நானும் சிரித்துவைத்தேன்.

எனக்குக் கலியாணமாகி ஒரு கிழமை ஆகியிருந்தது. போரால் பெற்றோலும் மின்சாரமும் இல்லாத தொண்ணூறுகளின் தொடக்கம். கோயிலில் சுருக்கமாகத் தாலி கட்டி, சாவகச்சேரியில் மனைவியின் வீட்டுக்குக் குடிபோனேன். பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளை போய்க் குடியிருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் அத்தானும் அப்படித்தான் அக்காவிடம் வந்து சேர்ந்தவர். அதில் புதுமை ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் உடுப்புகளையும் புத்தகங்களையும் எடுத்துவர மானிப்பாய்க்குப் போன அன்று, அம்மா என் கட்டிலில் வெங்காயப் பிடிகளை அடுக்கி வைத்திருந்தார். “இனி ஆர் அதிலை படுக்கப் போயினம்?” என்றார், சாதாரணமாக. அப்போது எனக்குக் கோபமும் வரவில்லை, கவலையும் வரவில்லை. வந்தது என்னவென்று இன்றுவரை பெயர் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தநாள் காலை புறப்பட்டபோது அண்ணை தன் சைக்கிளையும் வெளியே எடுத்தார். “தனியப் போனால் அவையள் என்ன நினைப்பினம்? நானும் வாறன்.” வேண்டாம் என்று மறித்துவிட்டேன். ஏன் மறித்தேன் என்பதும் தெரியாது. யாழ்ப்பாணம் வந்ததும் கண்டி வீதியில் ஏறியிருக்க வேண்டியவன், ஒரு காரணமுமில்லாமல் கொழும்புத்துறைக்குத் திரும்பினேன். இறங்குதுறையில் குந்தியிருந்து, வலையில் சிக்கிய நண்டுகளைப் பெண்கள் கால் முறியாமல் கழற்றுவதைப் பார்த்தேன். பிறகு அரியாலைப் பக்கமாக வந்தேன். பூட்டிக்கிடந்த கடைகளின் பெயர்ப்பலகைகளை வாய்விட்டு வாசித்தேன். நாவற்குழிப் பாலத்தில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். இருபக்கமும் வெளி, தண்ணீர், நாரைகள். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகை ஊதியது. அதுவரை எனக்கு வாய்த்த பயணங்களெல்லாம் யாராவது காத்திருக்கிறார்கள் என்று விழுந்தடித்து ஓடியவைதான். அன்றும் ஒருத்தி காத்திருந்தாள். ஆனாலும் என் கால்கள் மெல்லத்தான் மிதித்தன. அவளிடம் போக விருப்பமில்லையா என்று என்னையே கேட்டுப்பார்த்தேன். நல்ல விருப்பம். பிறகேன் இந்தத் தாமதம் இவ்வளவு இனிக்கிறது என்பதுதான் விளங்கவில்லை. கைதடி தாண்டிய பிறகு நகரத்துப் பக்கம் பொம்பர் விமானத்தின் இரைச்சலும் இரண்டு வெடிச்சத்தமும் கேட்டன. ஒரு வேலியோடு ஒதுங்கி நின்றேன். பிறகும் நான் வேகமாக மிதிக்கவில்லை.

வீட்டை அடையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி வாசல் படலையில் நின்றாள். அழுதிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

“ரெண்டு மணித்தியாலப் பாதை. எங்கை போனனீங்கள்? டவுனிலை குண்டு போட்டது கேட்டுது. நான் என்னத்தை நினைக்கிறது?”

“வழியிலைதான் நிண்டனான்.”

“வர விருப்பமில்லையெண்டால் சொல்லியிருக்கலாம்.”

“விருப்பம்தான். அதாலைதான் மெல்ல வந்தனான்.”

சொன்ன பிறகு அது எனக்கே விசர்க்கதையாகப் பட்டது. அவள் படலையை மறித்தபடியே நின்றாள். உள்ளேயிருந்து அவளுடைய தாய், மாமி, “வந்த மனுசனைப் படலையிலை வைச்சோ விசாரிக்கிறாய்?” என்று சத்தம்போட்ட பிறகுதான் வழிவிட்டாள். அன்றிரவு சோறு போட்டாள், கதைக்கவில்லை. மறுநாளும் கதைக்கவில்லை. வந்த வீட்டில் ஆரம்பமே பிழையாகிவிட்டது என்று எனக்குப் பயம் பிடித்தது.

மூன்றாம்நாள் காலை அவள் தன் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்தாள். “நான் ஒருக்காத் தனியப் போட்டு வாறன்” என்றாள். எங்கே என்று கேட்டேன். “மெல்லப் போறன். அவ்வளவுதான்.” மாமி வாயில் கைவைத்தார். ஒரு பெண்பிள்ளை தனியாக, காரணமில்லாமல், அந்தக் காலத்தில்! என்னைத் திரும்பிப் பார்த்து, “நீர் மறியுமன், தம்பி” என்றார். நான் எதைச் சொல்லி மறிப்பது? அவள் கொடிகாமம் போகிற பக்கமாகத் திரும்பி மறைந்தாள்.

அன்றைய பகல் எப்படிப் போனதென்று சொல்ல முடியாது. மாமி என்னோடு முகம்கொடுக்கவில்லை. எனக்கு அவளில் கோபமா, பயமா, பொறாமையா என்று தெரியாமல் படலைக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன். அந்திக்குச் சற்றுமுன் வந்தாள். முகம் கறுத்திருந்தது, தலைமயிர் கலைந்திருந்தது. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

“நீங்கள் சொன்னது சரிதான்” என்றாள். பிறகு கால் கழுவப் போய்விட்டாள். அன்றிரவு நெடுநேரம் கதைத்தோம். அவள் போன இடத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

அந்த வீடு இப்போது இல்லை. நாங்கள் வேறு ஊர்களில் வேறு வீடுகளுக்கு மாறிவிட்டோம். போன பயணங்களெல்லாம் வான் வண்டியில், லொறியில், சனத்தோடு சனமாக அவசரமாகப் போனவைதான். அன்று எங்கே போனாள் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். ஒருமுறை சிநேகிதி வீடு என்றாள். ஒருமுறை கோயில் கேணியடி என்றாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், மறுபடி கேட்டேன்.

“நல்ல மழை. ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலை ஒதுங்கி நிண்டனான்” என்றாள்.

அது சித்திரை மாதம். அன்று ஒரு துளி மழைகூடப் பெய்யவில்லை.