ஹாய் ஏபி!

கடந்த ஆண்டுப் பள்ளி விடுமுறையில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் கவுண்டரில் சண்டை போடுவதற்கென்றே கிள்ளானிலிருந்து ரயிலேறிப் போனேன். கடைசியில் சண்டையும் போடவில்லை, புகாரும் கொடுக்கவில்லை. ஆனால் அன்று நடந்ததை நினைத்து இன்றைக்கும் சமையலறையில் தனியாகச் சிரிப்பேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "என்ன, மறுபடியும் ஏபியா?" என்று கேட்பார்.

வீட்டுக்கு முதன்முதலில் இணையம் போட்டபோது அந்த நிறுவனமே இலவசமாகக் கொடுத்த மின்னஞ்சல் முகவரியைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் பள்ளி, பேங்க், கிளினிக், கோவில் கமிட்டி என்று எல்லா இடத்திலும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன். வேறு மாற்றிக்கொள் என்று சொல்லாத ஆள் இல்லை. நான் ஏன் மாற்ற வேண்டும்? மாதா மாதம் பில் கட்டுகிறேன், முகவரி என்னுடையது.

இலவசம் என்றுதான் பெயர். அதற்குப் பதிலாக அவர்கள் அனுப்புகிற விளம்பரங்கள் இருக்கின்றனவே! வேகத்தைக் கூட்டுங்கள், சேனல் சேருங்கள், புது ரவுட்டர் வாங்குங்கள் என்று பாதி. அவர்களுடைய கூட்டாளிக் கம்பெனிகளிடமிருந்து மீதி. ஏர்கோன் கழுவ, முடி உதிராமல் இருக்க, டுரியான் பழ பஃபே சாப்பிட. இனிமேல் அனுப்பாதே என்ற பொத்தானை அமுக்கினால், உங்களை இழப்பதில் வருந்துகிறோம் என்று இன்னொரு மெயில் வரும். அதற்குக் கீழேயும் ஒரு விளம்பரம் இருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எல்லா மெயிலும் 'ஹாய் ஏபி!' என்று ஆரம்பிப்பதுதான் எனக்கு ஆகாது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மலேசியாவில் எங்கள் அடையாள அட்டையில், நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் பெண்களுக்கு ஏபி என்றும் ஆண்களுக்கு ஏஎல் என்றும் போட்டிருக்கும். இன்னாருடைய மகள், இன்னாருடைய மகன் என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அப்பா ஆசையாக வைத்த பெயரையும் விட்டுவிட்டு, அப்பாவையும் விட்டுவிட்டு, நடுவில் நிற்கிற கொக்கியை மட்டும் பிடித்துக்கொண்டு, நாள் தவறாமல் ஹாய் ஏபி, ஹாய் ஏபி.

என் புலம்பல் தாங்காமல், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏதோ செட்டிங் செய்தார். ஹாய் ஏபி என்று வருகிற மெயிலெல்லாம் என் கண்ணில் படாமல் நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுமாம். மறுநாளே பெட்டி காலியாகிவிட்டது. மனுஷன் ராக்கெட் விட்டவர் மாதிரி ஒரு வாரம் வீட்டில் நடமாடினார். நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு மெயிலுக்காகத் தவம் கிடந்தேன். பல வருடமாக ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். மூக்கைத் துடைப்பது, ஷூ மாட்டிவிடுவது, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நடப்பது எல்லாம் நான்தான். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நின்று பாடம் சொல்ல டிப்ளோமா வேண்டும். சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியில் வேலை செய்துகொண்டே படிக்கிற வகுப்பு இருந்தது. என் வயதுக்காரர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் நேர்முகத் தேர்வில் தேற வேண்டும். விண்ணப்பித்துவிட்டு, பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாமல் ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு ஆசை எனக்கு.

மெயில் வரவே இல்லை. ஸ்பேம் பெட்டியைத் தினமும் கிளறினேன், அங்கேயும் இல்லை. கல்லூரிக்குப் போன் செய்தால், பகுதி பகுதியாக அனுப்புகிறோம், காத்திருங்கள் என்றார்கள். கண்டிப்பாக இந்த விளம்பரக்காரர்கள்தான் வழியை அடைத்துக்கொண்டு மெயிலை வரவிடாமல் செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். ஹாட்லைனில் கூப்பிட்டால், காத்திருக்கிற நேரத்துக்கும் அதே விளம்பரப் பாட்டு. போனை வைத்த வேகத்தில், கைக்குக் கிடைத்த டி-சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டேன்.

கவுண்டரில் நல்ல கூட்டம். புது மெஷின் ஒன்று வைத்திருந்தார்கள். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தால், வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அன்போடு அழைக்குமாம். நான் மனதுக்குள் வசனமெல்லாம் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது மெஷின் குயில் குரலில் கூப்பிட்டது.

"ஹாய் ஏபி! கவுண்டர் மூன்று!"

நான் எழுந்தேன். எனக்கு முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஓர் அக்கா எழுந்தார். ஓரத்தில் சுடிதார் போட்ட ஓர் இளம்பெண்ணும் எழுந்தாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் குழம்பிப்போய், "யாங் மானா சத்து ஏபி?" என்றாள். எந்த ஏபி வரணும் என்று கேட்கிறாள்.

"செமுவா ஏபி, டிக்," என்றார் அந்த அக்கா. எல்லாருமே ஏபிதான்மா!

எனக்கு வந்த சிரிப்பில் தயார் செய்த வசனமெல்லாம் மறந்துபோனது. கவுண்டர் பெண்ணும் சிரித்துவிட்டு, மேலாளரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். நாங்கள் மூவரும் கவுண்டருக்கு முன்னாலேயே நின்று கதை பேச ஆரம்பித்துவிட்டோம். அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ், வீடு கிள்ளான். இளம்பெண் பக்கத்துத் தெருவில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்க்கிறாள், சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள். இரண்டு பேரும் என்னைப் போலவே விளம்பரத் தொல்லை தாங்காமல் வந்தவர்கள்.

"சண்டை போட வந்த ஆளு, அவங்க சட்டையவே போட்டுட்டு வந்திருக்கீங்களே மா," என்றார் அக்கா.

குனிந்து பார்த்தேன். எப்போதோ அந்த நிறுவனம் இலவசமாகக் கொடுத்த ஆரஞ்சு நிற டி-சட்டை! முதுகில் கொட்டை எழுத்தில், 'இன்னும் வேகம் வேண்டுமா? என்னைக் கேளுங்கள்!' என்று இருக்கும். கிள்ளானிலிருந்து அத்தனை ஸ்டேஷனும் நான் அவர்களுக்கு விளம்பரம் செய்துகொண்டு வந்திருக்கிறேன்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, எங்கள் வீட்டு செட்டிங் சாமர்த்தியத்தைப் பெருமையாக எடுத்துவிட்டேன். ஹாய் ஏபி என்று வந்தால் எனக்குத் தெரியாமலே குப்பைக்குப் போய்விடும் என்றேன். அக்காவின் முகம் மாறியது.

"ஐயோ, அப்படிச் செய்யாதீங்க லா! என் கண்ணு ஆபரேஷன் தேதியே ஹாய் ஏபின்னுதான் வந்துச்சு. வெளம்பரம்னு நெனச்சு அழிக்கப் பார்த்தேன். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர்தானே வெச்சிருக்கானுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்பேம் பெட்டியைத்தானே கிளறினேன், குப்பைத் தொட்டியைத் திறந்தே பார்க்கவில்லையே! குப்பையை யார் திறந்து பார்ப்பார்கள்? அங்கேயே போனில் திறந்தேன். ரவுட்டர், ஏர்கோன், டுரியான், ரவுட்டர். இரண்டு டுரியான் பஃபேவுக்கு நடுவில் அது இருந்தது. 'ஹாய் ஏபி! உங்கள் நேர்முகத் தேர்வு.' அன்றைய தேதி. பிற்பகல் மூன்று மணி. கவுண்டர் சுவரில் இருந்த கடிகாரம் அப்போது ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். இந்தக் கோலத்தில் எப்படிப் போவேன், வருவதாக உறுதிகூடச் சொல்லவில்லையே, இனி எங்கே என்று ஏதேதோ உளறினேன். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, அந்த மெயிலில் இருந்த எண்ணுக்கு அவரே அடித்தார். அதட்டலான நர்ஸ் குரலில் ஆங்கிலத்தில் பேசினார். போனை மூடிவிட்டு, "வரச் சொல்றாங்க. லேட்டானா லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாங்களாம். என் காடி கீழதான் நிக்குது. நான் கிள்ளானுக்குத்தான் போறேன், சுபாங் ஜெயா வழிதானே?" என்றார்.

"இந்தச் சட்டையோடவா?" என்றேன்.

இளம்பெண் என் கையைப் பிடித்தாள். "வாங்கக்கா, எங்க கடைக்கு. ரெண்டு நிமிஷம்."

கடையில் ஒரு புது உடுப்பை எடுத்துக் கொடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ என்னை உடை மாற்றும் அறைக்குள் தள்ளி, தான் பக்கத்து அறைக்குள் புகுந்து, தன்னுடைய சுடிதார் மேல்சட்டையையும் துப்பட்டாவையும் கழற்றித் திரைக்கு மேலே போட்டாள். "ஏறக்குறைய ஒரே சைஸ்தான். உங்க சட்டைய இங்க போடுங்க," என்றாள். நல்லவேளையாக நான் போட்டிருந்த கறுப்பு பேண்ட் அந்த நீலச் சட்டைக்குப் பொருந்தியது. வெளியே வந்தபோது அவள் என் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டுச்சேலைகளுக்கு நடுவே நின்றாள். கல்லாவில் இருந்த முதலாளி, மகளைக் கூப்பிடுவது போல, "என்ன ஆயி, கடைய மாத்திட்டியா?" என்று கேட்டார். அவள் என் நெற்றியில் ஒரு பொட்டை ஒட்டிவிட்டு, "ஓடுங்கக்கா," என்றாள். அவள் பெயரைக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அக்கா கார் ஓட்டிய விதத்தைப் பற்றி அதிகம் எழுதாமல் இருப்பதே நல்லது. ஃபெடரல் ஹைவேயில் வழக்கமான டிராஃபிக் ஜேம். லோரிகளுக்கு இடையில் அவர் புகுந்து போவதைப் பார்த்து நான் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அந்தக் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சிருச்சா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒரு கண்ணு முடிஞ்சிருச்சு லா, பயப்படாதீங்க. டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாரு," என்றவர், வழி நெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். பிள்ளை கடித்தால் என்ன செய்வீர்கள், சாப்பிட மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள் என்று. நான் சொல்கிற பதிலை, அது சரியில்லை, இது சரி என்று திருத்தினார். பயத்துக்கு நேரமே கொடுக்கவில்லை.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் கல்லூரி வராண்டாவில் போய் உட்கார்ந்தோம். எனக்கு இன்னும் மூச்சு வாங்கியது. கதவைத் திறந்து ஒரு பெண், "ஏபி?" என்று கூப்பிட்டாள். நான் எழுந்தேன். பக்கத்தில் அக்காவும் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டார்! இருவரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே நான் உள்ளே போனேன்.

உள்ளே இருந்தவர்கள் முதலில் கேட்டது, புதிதாக வருகிற பிள்ளையிடம் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று. அக்கா சொல்லிக்கொடுத்த பதிலில் இது இல்லை. நான் யோசிக்காமல், பெயர் கேட்பேன் என்றேன். வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே கூப்பிடுவேன், அழுகை பாதி அதிலேயே நின்றுவிடும், வேண்டுமானால் பாருங்கள், உங்கள் லிஸ்டில் என் பெயரே ஏபி என்றுதான் இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நடுவில் இருந்த அம்மாள் தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, உங்க பேரு என்ன?" என்று தமிழிலேயே கேட்டார். முழுப் பெயரையும், அப்பா பெயரோடு சேர்த்து, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

சில வாரம் கழித்து, துவைத்து இஸ்திரி போட்ட சுடிதாரோடும் ஒரு டப்பா நெய் உருண்டையோடும் பிரிக்பீல்ட்ஸ் போனேன். அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். சட்டை மாற்றிய அன்று மாலையே கடைக்கு வந்த இரண்டு பேர் அந்த முதுகெழுத்தைப் பார்த்துவிட்டு அந்த இளம்பெண்ணிடம் வைஃபை பற்றி விசாரித்தார்களாம். ஆரஞ்சுச் சட்டையைத் திருப்பித் தரமாட்டேன், ராசியான சட்டை என்று சொல்லிவிட்டாள். இப்போது எங்கள் மூவருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெயரெல்லாம் தெரிந்த பிறகும், என் போனில் அவர்கள் பெரிய ஏபி, சின்ன ஏபி என்றுதான் இருக்கிறார்கள்.

முடிவு மெயிலும் அந்தப் பழைய முகவரிக்கே வந்தது. அதற்குள் என் கணவர் தன் செட்டிங் ராக்கெட்டைத் தானே கழற்றிப் போட்டிருந்தார். 'ஹாய் ஏபி! தஹ்னியா!' வாழ்த்து என்று தலைப்பு. அதற்கு மேலே ஒரு ரவுட்டர், கீழே ஒரு டுரியான். இப்போது சனிக்கிழமைதோறும் சுபாங் ஜெயாவுக்குப் போய்ப் படிக்கிறேன்.

விளம்பரங்கள் இன்றைக்கும் வருகின்றன, எரிச்சலும் வருகிறது, கொடுக்காமல் வந்த அந்தப் புகாரை ஒரு நாள் கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் எங்காவது ஒரு மெஷின் 'ஹாய் ஏபி' என்று கூப்பிட்டால் முன்பு போலக் கோபத்தோடு எழுவதில்லை, என்னோடு இன்னும் யார் யார் எழுந்து நிற்கிறார்கள் என்று முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.