அகராதியில் இருந்த ஒரே அர்த்தம்

அத்தைக்கு வேலை போனதற்கு நானும் ஒரு காரணம். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவின் தங்கை அவர். எங்களோடு பேரணாம்பட்டில் இருந்தபடி, தினமும் பஸ் பிடித்து ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போய்வந்தார். தோல் துண்டுகளைத் திருடியதாக சூப்பர்வைசர் அவர்மேல் புகார் கொடுத்தார். விசாரணைக்கு வரச் சொல்லி ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருத்திதான். ஏழாம் வகுப்பு.

“இன்னா போட்டுக்கீறாங்கன்னு படிச்சி சொல்லு பாப்பா.”

கடைசி வரிவரை சமாளித்தேன். விசாரணை அதிகாரி ‘ப்ரீபொசஸ்டு’ என்று நீங்கள் கருதினால் திங்கட்கிழமைக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்றிருந்தது. பள்ளியில் பரிசாகக் கிடைத்த குட்டி அகராதியைப் பெருமையோடு எடுத்துவந்தேன். அதில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: நல்லெண்ணம் உண்டாக்கு.

“அந்த சாருக்கு உன்மேல நல்ல அபிப்பிராயம் இருக்குன்னு நீ நெனச்சா எழுதிக் குடுக்கலாமாம் அத்தை.”

ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாதவர் சிரித்துவிட்டார். “விசாரிக்கப் போறவரு சூப்பர்வைசரோட மச்சானாச்சேன்னு பயந்துக்கினு இருந்தேன். நல்ல மனுஷன் போலக்குது. அதைப் போய் நானே எழுதிக் குடுப்பனா? வெக்கமா இருக்காது?”

எழுதவில்லை. திங்கட்கிழமை போயிற்று.

கல்லூரி நூலகத்தில் ஒருநாள் வேறெதையோ தேடும்போது பெரிய அகராதியில் அந்தச் சொல் கண்ணில் பட்டது. ‘ப்ரீ’ என்றால் முன்னதாக. ‘பொசஸ்’ என்பதன் லத்தீன் வேருக்குள் எஜமானாக உட்கார்வது என்ற பொருள் இருக்கிறதாம். முதலில் இடத்தை முந்திப் பிடித்துக்கொள்வதைக் குறித்த சொல், பிறகு மனத்துக்கு வந்திருக்கிறது. ஓர் எண்ணம் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துகொண்டால் பின்னால் வரும் உண்மைக்கு இடமிருக்காது. அந்த எண்ணம் நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். வேறு அதிகாரி வேண்டும் என்று கேட்கத்தான் அந்தக் கடைசி வரி அத்தைக்கு வழிவிட்டிருந்தது. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். அதற்குள் அத்தை எட்டு வருடமாக வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். திருடி என்ற பேச்சால் வேறெந்தக் கம்பெனியிலும் அவரைச் சேர்க்கவில்லை.

எட்டு வருடம் முன்னால் அந்த விசாரணைக்கு அவர் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

“இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் கேக்கல அண்ணி. நான் பேச வாயத் தொறக்கறதுக்குள்ள, டைப் அடிச்ச பேப்பரை நீட்டி கையெழுத்து போடுன்னுட்டாரு.”

முன்கூட்டியே டைப் அடித்து வைத்திருக்கிறாரே, அத்தையைக் காக்கவைக்கக் கூடாது என்று எவ்வளவு அக்கறை என்று நான் நினைத்துக்கொண்டேன்.