பித்தளைக் கம்பியில் பிடித்த கை

இன்றைக்கு நினைத்தாலும் என்மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்போது நான் இலங்கையில், கண்டிப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் குதிரை வண்டிக்காரன். வண்டியின் பித்தளைக் கம்பிகளைத் தினமும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன். ஒரு விரல் தடம் தெரிந்தாலும் துரையின் பிரம்பு முதுகில் விழும்.

அன்று அக்குறணைக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுத் துரை ஒரு கடைக்குள் போனார். அக்கரையிலிருந்து தோணியில் வந்து மன்னாரில் இறங்கி, தோட்ட வேலைக்கு நடந்து வந்த கூலிக் கூட்டத்தில் ஒரு பெண் தள்ளாடி வந்து கம்பியைப் பிடித்தாள். காய்ச்சலில் அவள் கண்கள் சிவந்திருந்தன.

"மூச்சு வாங்குது அண்ணே. கொஞ்சம் நின்னுக்கிறேன்."

"கைய எடு. விடியக்காலையில இருந்து தேச்சது."

அவள் எடுக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளினேன். சேற்றில் விழுந்தாள். அவளைத் தூக்காமல் கம்பியைத் துடைத்தேன். நானும் அதே பாதையில் நடந்து வந்தவன்தான்.

துரை சேற்றுச் சப்பாத்தோடு ஏறினார். கம்பியைப் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் அந்தக் கடை முதலாளி என்னிடம் சொன்னார்: "அந்தப் புள்ளைக்குக் கஞ்சி குடுத்து உக்கார வெச்சேன் தம்பி. போகக்குள்ள, 'என்னால அந்த அண்ணனுக்கு அடி விழுந்திருக்குமா'ன்னு கேட்டுச்சு."

எந்தத் தோட்டத்துக்குப் போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை. துரைமேல் கோபப்பட எனக்கு எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அன்று அவர் என்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை.