மடவளை ஏற்றத்தில் நின்ற வேன்

"12.03.2024, செவ்வாய். மடவளை ஏற்றத்தில் வேன் நின்றது. திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. இறைவனுக்கு நன்றி."

வேனுக்கென்று நான் வைத்திருக்கும் கொப்பியில் இப்படி இருக்கிறது. கடைசி இரண்டு சொற்களை அன்று மாலைதான் சேர்த்தேன். காலையில் அவற்றை எழுதும் மனம் எனக்கு இருக்கவில்லை. ஏன் சேர்த்தேன் என்பதை நம் கோயில் பங்கு மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி செலினுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் வத்தேகமையிலிருந்து கண்டிக்கு டயலிசிஸுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் அவளால் நிற்க முடியாது. ஓட்டோ குலுக்கினால் வாந்தி வரும். வாடகை வேன்காரர்கள் காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடுவார்கள். ஆகவே பழைய சின்ன வேன் ஒன்றை வாங்கினோம். பின் சீற்றில் தலையணை போட்டுப் படுத்துக்கொண்டு வருவாள்.

ஜனவரியில் கோளாறு தொடங்கியது. ஏற்றத்தில் இழுக்காமல் இருமும், பிறகு நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால் ஓடும். மழையா வெயிலா, டாங்கில் பெற்றோல் கூடவா குறைவா என்று ஒவ்வொரு தடவையும் குறித்தேன். ஓர் ஒழுங்கும் தெரியவில்லை. பில்டர் மாற்றினோம். இன்ஜெக்டர் கழுவினோம். பெப்ரவரியில் பெற்றோல் பம்பையே மாற்றினோம். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு மறுபடியும் அதே இருமல்.

ஒரு வெள்ளிக்கிழமை பாதி வழியில் நின்று, டயலிசிஸ் மெஷின் நேரம் தவறிவிட்டது. மறுநாள் காலையில் செலினின் கால்கள் வீங்கி, படுக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்தே மூச்சு வாங்கினாள். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு தரம் தவற விடாதீங்க" என்றார்.  

அன்றிலிருந்து சாவி போடுமுன் ஒரே செபம்தான்: "ஆண்டவரே, இன்றைக்கு இது நிற்கக்கூடாது."

மார்ச் 12ஆம் தேதி நின்றது. எங்களுக்குத் தவக்காலம். முஸ்லிம்கள் நிறைந்த மடவளையில் ரமழான் நோன்பு தொடங்கியிருந்த நேரம். ஒரு ஹாட்வெயார் கடைக்கு முன்னால் எஞ்சின் இருமி அடங்கியது. சாவியைத் திருப்பினேன், சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். எனக்குக் கோபம் வந்தது, செபத்தின் மேலேயே கோபம்.

கடைக்காரர் ரவூப் நானா படியிறங்கி வந்தவர், பாதியில் நின்று கத்தினார்.

"மாஸ்டர், திருப்ப வாணாம்! சாவிய எடுங்க! பெற்றோல் மணக்குது!"

"எங்களுக்கு ஒன்றும் மணக்கவில்லையே" என்றேன்.

"நோன்புக்காரன்ட மூக்கு, மாஸ்டர். மூணாம் வீட்டுல வெங்காயம் வதக்கினாலும் எங்களுக்குத் தெரியும். மொதல்ல அவங்கள எறக்குங்க."

செலினுக்குக் குமட்டும் என்பதால் எங்கள் வேனில் எப்போதும் தைலம் மணக்கும். அதில் வேறெந்த மணமும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளைக் கைத்தாங்கலாக இறக்கினோம். நானா கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தன் வேனில் எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மெஷின் நேரம் தவறவில்லை.

நான் திரும்பி வந்தபோது, நானா சொல்லி வரவழைத்த மெக்கானிக் சுனில் பாஸ் வேனின் முன் சீற்றைத் தூக்கி வைத்திருந்தார். இந்த வகை வேன்களில் எஞ்சின் அந்தச் சீற்றுக்குக் கீழேதான். பெற்றோல் வரும் ரப்பர் ஹோஸ், கிளிப் போட்ட இடத்தில் வெடித்திருந்தது. அதிலிருந்து கசிந்தது புகைக்குழாயின் பக்கமாக இறங்கியிருந்தது.

"புது பம்ப் நல்லா தள்ளுது மாத்தயா. பழைய ஹோஸ் தாங்கல்ல" என்றார் பாஸ். "இன்னும் ஏத்தம் ஏறியிருந்தா குழாய் நல்லா சூடாகும். பத்தியிருக்கும்."

பின் சீற்றில் படுத்திருப்பவளால் தானாக எழுந்து கதவைத் திறக்க முடியாது. 

ஆனால் எஞ்சின் நின்றதற்கு அந்தக் கசிவு காரணமல்ல. பாஸ் டாங்கை இறக்கி, அடியில் இருந்ததை ஒரு போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் காட்டினார். மேலே பெற்றோல், கீழே தெளிந்த தண்ணீர். தண்ணீர் பம்புக்குப் போனதால் நின்றிருக்கிறது.

மாலையில் வீட்டில் இதைச் சொன்னபோது, செலினின் அக்கா பிலோமினா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் பொறவு நான்தான் ஊத்துனேன். மாதா கோயில் தீர்த்தம். ஒரு சின்னப் போத்தல்தான்."

"டாங்கிலயா? நெத்தியில பூசத் தந்த தீர்த்தத்தயா?" என்றாள் செலின்.

"ஒம் புருஷன் காட்டாத கராஜா? எல்லாரும் பாத்தாச்சு. நான் மாதாகிட்ட காட்டுனேன்."

செலின் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று மூவருமாக முழங்காலில் நின்று செபமாலை சொன்னோம். செலின் மட்டும் கதிரையில்.

வேனில் இப்போது எல்லா ஹோஸும் புதிது. ஜனவரியில் தொடங்கிய இருமல் டாங்கைக் கழுவிய பிறகு வரவேயில்லை. நானாவின் வீட்டுக்குப் பெருநாளுக்குப் போய் வந்தோம். செலினின் நோய் மாறவில்லை. செவ்வாயும் வெள்ளியும் போகிறோம். என் செபம் மாறியிருக்கிறது. "நிற்கக்கூடாது" என்று இப்போது கேட்பதில்லை. "நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தும்" என்று கேட்கிறேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். கேட்டது கிடைக்காத நாளில் அவசரப்பட்டு ஆண்டவரிடம் கோபிக்காதீர்கள். தீர்த்தத்தை மட்டும் டாங்கில் ஊற்றாதீர்கள்.

ஒன்று மட்டும் மிச்சம். பிலோமினா அக்காவின் வெற்றுப் போத்தலைக் கொண்டுபோய்ப் பாஸிடம் காட்டினேன். அவர் இறக்கிய தண்ணீரில் பாதிகூட அதில் கொள்ளாது. மழைத்தண்ணீர் மூடி வழியாகப் போயிருக்கலாம், பெற்றோலோடே வந்திருக்கலாம், எதற்கும் சாட்சி இல்லை என்கிறார் அவர். மற்றத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.