இடைவெளி விட்டு எரிந்த பல்பு

எங்கள் வீட்டில் எந்த எல்இடி பல்பும் ஆயுசு முடிய எரிந்ததாகச் சரித்திரம் இல்லை. மரக்காணத்து உப்புக் காற்று முதலில் ஹோல்டரை அரிக்கும், அப்புறம் பல்பை. அடுப்படிப் பல்பு போனதும், பஸ்ஸைவிட்டு இறங்கிய கையோடு மலிவாக ஒன்று வாங்கி மாட்டினேன். பளீரென்று எரிந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் என் மனைவி ஒன்று சொன்னாள். சாயங்காலம் முறத்தில் அரிசி புடைக்கும்போது கை ஒன்றாகத் தெரியவில்லையாம். விசிறி மாதிரி நாலைந்தாகத் தெரிகிறதாம்.

"கண்ணு போவுதுங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும்" என்றாள்.

அவள் உப்பளத்தில் வேலை செய்பவள். அவளுடைய அம்மாவும் பாத்தியிலேயே உப்பு வாரியவர். கடைசிக் காலத்தில் பார்வை போய், கையைப் பிடித்து நடத்த வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் கண்ணில் என்ன வந்தாலும் பழி உப்பின் மேல்தான். பகலெல்லாம் பார்த்த வெள்ளை சாயங்காலம் வேலையைக் காட்டுகிறது என்பார்கள். கல்லூரியின் மின் ஆய்வகத்தில் உதவியாளனாக இருக்கும் நானும் அதைத்தான் நம்பினேன். உப்பளத்து வீட்டில் பிறந்த புத்தி எங்கே போகும்?

புதுச்சேரிக் கண் டாக்டர் நன்றாகச் சோதித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். அவள் நம்பவில்லை. "அவருக்கு இன்னா தெரியும், அவரா உப்பு வார்றாரு?" என்றவள், இருக்கிற பார்வையாவது மிஞ்சட்டும் என்று வேலையை நிறுத்திவிட்டாள். உப்பு வாருவதில் அவளுக்கு ஈடுகொடுக்க அங்கே ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் காலையில் வாசலில் நின்று மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில் ஆய்வகத்தில் புதுப் பயிற்சி ஒன்று வந்தது. எல்இடி பல்பு கரண்டை எப்படி இழுக்கிறது என்று மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். முதலில் வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று கேட்டு, கரண்டின் அலையைத் திரையில் காட்டும் சின்ன ஆசிலோஸ்கோப்பையும் ஷாக் அடிக்காமலிருக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் எடுத்துவந்தேன். பஸ்ஸில் வரும் வழியில் கூனிமேட்டு வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் மடியிலிருந்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் உள்ளே வராமல் அடுப்படிக் கதவைச் சாத்தினேன். பல்புக்குப் போகும் வயரில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைக் கோத்து, அதன் இரு முனையிலும் ஆசிலோஸ்கோப்பின் புரோபை மாட்டினேன். கரண்ட் எப்படி ஓடுகிறதோ அதே வடிவம் திரையில் வரும். ஏறி இறங்கும் அழகான அலையை எதிர்பார்த்தேன். வந்தது வேறு. ஒரு மேடு, பிறகு வெறும் கோடு. ஒரு பள்ளம், மறுபடி வெறும் கோடு. கோடு இருக்கும் இடத்தில் கரண்டே இல்லை. கரண்டைத் தேக்கிவைக்க உள்ளே எதுவும் இல்லாத மலிவு பல்பு அது; கரண்ட் நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். நொடிக்கு நூறு தடவை அணைந்து அணைந்து எரிகிறது! வயரும் மீட்டருமாக இத்தனை வருடம் திரிந்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேலே அவ்வளவு இருட்டு இருந்திருக்கிறது, நாங்கள் அதன் கீழே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம்.

அப்புறம்தான் உறைத்தது. கையை வேகமாக ஆட்டினேன். என் கையும் நாலைந்தாகத் தெரிந்தது. கோளாறு அவள் கண்ணில்தான் என்று முடிவுகட்டியிருந்ததால், அதுவரை எனக்கு ஆட்டிப் பார்க்கவே தோன்றவில்லை.

அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "இந்தக் கோடு வர்ற நேரத்துல பல்பு எரியல. கை நகர்ந்துகிட்டே இருக்குது, பல்பு விட்டு விட்டுக் காட்டுது. அதான் நாலு கை. எனக்கும் அப்படித்தான் தெரியுது."

அவள் திரையையே பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெயிலுக்குப் போய்க் கையை ஆட்டினாள். ஒரே கை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு ஆட்டினாள், நாலைந்து. மறுபடி வெயிலுக்குப் போனாள். ஒரே கை. அங்கேயே நின்று, அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், பல்பை அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தினி நாளா கண்ண மூடி மூடித் தொறந்தது நீதானா?" என்றாள்.

மறுநாள் நான் எழுந்தபோது அவள் உப்பளத்துக்குப் போயிருந்தாள்.